வெட்டு இயந்திரத்தில் விபத்து: வேலையாளிடம் கடிதம் வாங்கினால் முதலாளியின் பொறுப்பு நீங்குமா?

ஆமர் வீதி அச்சகர்

வணக்கம். கொழும்பு ஆமர் வீதிக்குப் பின்புற ஒழுங்கையில் தந்தையார் நடத்திய அச்சகத்தை மூன்று ஆண்டுகளாக நான் பார்த்துவருகிறேன். இரண்டு ஓஃப்செட் இயந்திரங்களும் ஒரு பழைய காகித வெட்டு இயந்திரமும் உள்ளன. வேலையாட்கள் பதினான்கு பேர். நாட்காட்டி வேலை நெருக்கிய சென்ற வாரத்தில், வெட்டு இயந்திரத்தில் நிற்கும் வேலையாள் தம்பியின் இடது கை மோதிர விரல், காகிதக் கட்டை அமுக்கிப் பிடிக்கும் இரும்புச் சட்டத்தின் கீழ் அகப்பட்டு எலும்பு முறிந்துவிட்டது. வலியில் வலது கையை அவர் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டதால் கத்தி முழுதாக இறங்கவில்லை. இல்லாவிட்டால் விரலே போயிருக்கும்.

அந்த இயந்திரம் இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் வெட்ட வேண்டும். நான் போய்ப் பார்த்தபோது, இடப்பக்கப் பொத்தானின் மேல் ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை வைத்து செலோடேப்பால் சுற்றி ஒட்டியிருந்தார்கள். டேப்பின் விளிம்பில் கறுப்பு மை படிந்திருந்த விதத்தைப் பார்த்தால், அது பல மாதங்களாகவே அங்கே இருந்திருக்க வேண்டும்.

தம்பி ஆறு நாட்களாக வேலைக்கு வரவில்லை. இனி ஒவ்வொரு வேலையாளிடமும் “இயந்திரத்தை என் சொந்தப் பொறுப்பில் இயக்குகிறேன்” என்று கையொப்பம் வாங்கி வைக்கும்படி உறவினர் ஒருவர் சொல்கிறார். அது செல்லுமா? ஒரு விரல் முறிவுக்காகத் தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற ஆளணி முகாமையாளர்

கடிதத்தை மறந்துவிடுங்கள். நட்டஈட்டு உரிமையை வேலையாள் விட்டுக்கொடுப்பதாக எழுதும் எந்த உடன்படிக்கையும் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் முன் செல்லாது. அதற்கும் மேலாக, அப்படியொரு கடிதம் விசாரணைக்கு வந்தால், ஆபத்து இருப்பது உங்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கு அதுவே சான்றாகிவிடும். 2022 இல் வந்த திருத்தத்தின்படி நட்டஈட்டின் உச்சத்தொகை 550,000 ரூபாயிலிருந்து 2,000,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. வீட்டுக்கும் வேலைத்தளத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்தும் இப்போது அதற்குள் அடங்கும். ஆகவே கையொப்பம் வாங்கச் செலவிடும் நேரத்தில் அதற்குப் பதிலாகக் காப்புறுதி முகவர் ஒருவரை அழைத்துப் பேசுங்கள்.

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் “தொழிற்சாலை” என்ற சொல் பெரிய ஆலைகளை மட்டும் குறிப்பதல்ல. வணிகமாக நடக்கும் அச்சகமும் புத்தகம் கட்டும் இடமும் அதற்குள் வரும். விபத்தினால் ஒருவர் தமது வழமையான வேலையைச் செய்து முழுச் சம்பளம் பெற முடியாமல் மூன்று நாட்களுக்கு மேல் போனால், மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவித்தாக வேண்டும். உங்கள் தம்பிக்கு ஆறு நாட்கள் ஆகிவிட்டன. தாமதமாகவேனும் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் செயலகத்துக்குப் போய் வாருங்கள். அச்சகம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

கிராண்ட்பாஸ் வாசி

நானும் சிறிய அச்சகம் ஒன்று வைத்திருப்பவன்தான். மருத்துவச் செலவையும் சம்பளத்தையும் கொடுத்து, அந்தப் பையனோடு பேசி முடிப்பதே நல்லது என்பது என் கருத்து. அதிகாரிகள் ஒரு விரலைப் பார்க்க வந்தால், வயரிங்கையும் பூட்டியிருக்கும் பின்கதவையும் பார்க்காமல் போகமாட்டார்கள்.

ஓய்வுபெற்ற ஆளணி முகாமையாளர்

பின்கதவைப் பார்க்கட்டும் ஐயா. உள்ளே ஆட்கள் வேலை செய்யும்போது வெளியேறும் கதவை உள்ளிருந்து இலகுவாகத் திறக்க முடியாதபடி பூட்டி வைக்கக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ரோலர் துடைத்த மண்ணெண்ணெய்த் துணியும் காகிதமும் நிறைந்த இடத்தில், திருட்டுக்குப் பயந்து போட்ட பூட்டு என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

பழைய இயந்திரப் பொருத்துநர்

சட்டத்தை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த ஐந்து ரூபாய்க் குற்றிதான் உறுத்துகிறது. இரு கைக் கட்டுப்பாடு ஒழுங்காக இருந்தால் குற்றி வைத்து ஏமாற்ற முடியாது. இரண்டு பொத்தான்களும் ஏறக்குறைய அரை விநாடிக்குள் சேர்ந்து அழுத்தப்பட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் இரண்டையும் விட்டால்தான் அடுத்த வெட்டுக்கு இயந்திரம் அசைய வேண்டும். உங்களுடையது குற்றியோடு மாதக்கணக்கில் ஓடியிருந்தால், ஒன்றில் அது அந்த ஏற்பாடே இல்லாத பழைய இயந்திரம், அல்லது யாரோ மின்னியலாளர், பொத்தான்கள் சேர்ந்து அழுத்தப்படுகின்றனவா என்று பார்க்கும் ரிலேயைத் தாண்டி நேராக வயர் கொடுத்திருக்கிறார். குற்றியைக் கழற்றிவிட்டுத் தம்பியைத் திட்டுவதோடு விட்டால், அடுத்த மாதம் அதே இடத்தில் ஒரு தீக்குச்சி இருக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கும்வரை இயந்திரத்தை ஓட்ட வேண்டாம். கத்தி மாற்றும்போதும் பிரதான சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைக் கத்தி மாற்றுபவரே சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமாக, தம்பி ஏன் இடது கையை விடுவித்துக்கொண்டார் என்று கேட்டீர்களா? வெட்டுபவர் ஒரு கையை உள்ளே வைத்திருக்கிறார் என்றால், அங்கே பிடிக்க வேண்டிய ஏதோ ஒன்று நழுவுகிறது.

ஆமர் வீதி அச்சகர்

மூவருக்கும் நன்றி. நேற்றுத் தம்பியின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஸ்டிக்கர்த் தாள் வழுக்குவதால், சிறிய அளவுகளில் கட்டு சாய்ந்துவிடுகிறது. அதனால் அமுக்குச் சட்டம் இறங்கும்வரை விரலால் பிடித்துக்கொள்வாராம். செப்டெம்பரில் இதைப்பற்றி என்னிடம் சொன்னதாகவும், “சீசன் முடியட்டும் பார்ப்போம்” என்று நான் பதில் சொன்னதாகவும் அவர் நினைவூட்டினார். நான் அப்படித்தான் சொன்னேன்.

இயந்திரத்தை நிறுத்தி, வெட்டு வேலையை இப்போதைக்கு வெளியே கொடுத்திருக்கிறேன். நாளை காலை நாரஹேன்பிட்டிக்குப் போகிறேன். பொருத்துநர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்தத் தாளை வேறு எதனால் பிடிப்பது?

பழைய இயந்திரப் பொருத்துநர்

பிடிக்கவே வேண்டாம் தம்பி. ஓர் அடி நீளத்தில் கைப்பிடியுள்ள, வழவழப்பான வன்மரக் கட்டையொன்றைத் தச்சரிடம் செய்வியுங்கள். கட்டையால் தாளை, அதன் பின்விளிம்பு முட்டி நிற்கும் பின் அளவுச் சட்டத்தோடு தட்டி ஒட்டவைத்து, கால் மிதியால் அமுக்குச் சட்டத்தை மெதுவாக இறக்கிய பிறகு, இரு கைகளையும் பொத்தான்களுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கட்டைக்குக் கடும் மஞ்சள் பூசிவிடுங்கள். கத்தியின் கீழ் மறந்து விட்டாலும் கண்ணில் படும்.