புதுப்பிப்பு: ரிட்லி பொறித்த நடிகர் படம், அது ஸ்டிப்பிள்தான்

ரிட்லி என்ற பொறிப்பாளர் செய்த, லண்டன் நாடக நடிகர் ஒருவரின் சிறிய அச்சுப்படத்தைப் போட்டு, இது தகட்டைச் சுரண்டிச் செய்யும் மெசோடின்டா, புள்ளி புள்ளியாகப் பொறிக்கும் ஸ்டிப்பிளா, பிற்கால மறுபதிப்பா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பத்து மடங்கு லென்ஸில் கன்னத்தைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னதே விடை தந்தது. முகம் முழுக்கப் புள்ளிகள். நெற்றியில் நுண்ணியதாகச் சிதறி, தாடைக்குக் கீழே பருத்து நெருங்குகின்றன. அளவும் இடைவெளியும் சீராக இல்லை. புகைப்படத்தைப் புள்ளிகளாக்கி அச்சிடும் பிற்கால ஹாஃப்டோன் என்றால் புள்ளிகள் வரிசை பிடித்து நிற்கும். மெசோடின்டில் தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கி, வெளிச்சம் வேண்டிய இடத்தைச் சுரண்டி வழவழப்பாக்குவார்கள். அந்த வெல்வெட் கறுப்பு இதில் எங்குமே இல்லை.

எதிர்பாராதது நடிகரின் மேலங்கிப் பகுதி. அங்கே புள்ளிகளோடு நீளக் கோடுகளும் ஓடுகின்றன. முகத்துக்கு மென்மை, துணிக்கு வேகம் என்று ஒரே செப்புத் தகட்டில் இரண்டையும் ரிட்லி கலந்திருக்கிறார். அழகான வேலை!

டார்ச்சைச் சாய்த்துத் தகட்டின் ஓரம் தாளில் அழுந்திய தடத்தைத் தேடும் யோசனை இங்கே பலிக்கவில்லை, ஓரங்கள் வெட்டப்பட்டுவிட்டன. பத்திரிகையோடு சேர்த்துத் தைத்த படங்களுக்கு இது சகஜம். நல்லவேளை, பதிப்பாளர் பெயருள்ள அடிவரி தப்பியிருக்கிறது: வெர்னர் அண்ட் ஹூட், 1803. பதிப்புரிமைக்காகப் பெயரும் தேதியும் பொறிக்க வேண்டும் என்பது 1735 முதல் இங்கிலாந்தில் சட்டமாக இருந்தது. அதே பதிப்பாளர்கள் வெளியிட்ட ‘மன்த்லி மிரர்’ இதழில் வந்த படம் என்று சொன்னவரின் ஊகத்தோடு இது நன்றாகவே பொருந்துகிறது.