தறி கொட்டகை கேமரா: மூணு ஐபிவி6 முகவரி வருது, எதைப் போன்ல போடறது?

பல்லடம்_தறி:
ஏனுங்ணா, கொட்டகையில 8 கேமரா, ஒரு என்விஆர் (கேமரா படத்தைப் பதிவு பண்ணற பெட்டி). ரூட்டர்ல வான் ஐபி (வெளிப்பக்க முகவரி) 100.72.15.9னு காட்டுது, போர்ட் ஃபார்வர்ட் (வெளிய இருந்து வர்றதை ரூட்டர் என்விஆருக்குத் தள்ளிவிடறது) போட்டும் வெளிய இருந்து திறக்கல. ஐபிவி6 (புது வகை நீள முகவரி) ஆன் பண்ணினா எஃப்இ80, எஃப்டி, 2னு ஆரம்பிக்கற மூணு முகவரி வருதுங்க. எது சரி?

ஈரோடு_வலை:
100.64.0.0 முதல் 100.127.255.255 வரைக்கும் பொது முகவரி இல்லீங்க. பல வாடிக்கையாளரை ஒரே பொது ஐபிக்குப் பின்னால வைக்கறதுக்குன்னு 2012ல ஒதுக்கினது. உங்க ரூட்டர்ல எத்தனை போர்ட் திறந்தாலும் சேவைக்காரரோட நேட்லயே (முகவரி மாத்தற இடம்) நின்னுரும். அதை விட்டுப்போடுங்க.

எஃப்இ80 அந்த சுவிட்சுக்குள்ள மட்டும்தான், ரூட்டர் தாண்டாது. உள்ளேயே பிங் (பதில் வருதான்னு சோதனை) அடிக்கறதுன்னாலும் கடைசில %எத்0னு நெட்வொர்க் கார்டு பேரைச் சேர்க்கோணும் (விண்டோஸ்ல %12 மாதிரி நெம்பர்). எல்லாக் கார்டுலயும் எஃப்இ80 இருக்கறதால எந்தப் பக்கம் அனுப்பறதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

எஃப்டி உங்க இடத்துக்குள்ள மட்டும். 2ல ஆரம்பிக்கறதுதான் பொது முகவரி. இதுல ஃபார்வர்ட் கிடையாது. ரூட்டரோட ஐபிவி6 ஃபயர்வால்ல (எதை உள்ள விடறதுன்னு பாக்கற காவல்) அனுமதி கொடுத்தாப் போதும். போன் சிம்முலயும் ஐபிவி6 இருக்கோணும்.

கரூர்_கேபிள்:
அது சரி, ஆனா என்விஆரை நேரா ஊருக்குத் திறந்து வைக்காதீங்க. பல இணைப்புல கரண்டு போய் வந்தா முகவரியோட முன்பாதி 64 பிட் மாறிரும், அனுமதி விதியும் வீணாப்போயிரும்.

ரூட்டர்ல வயர்கார்டு (போனுக்கும் கொட்டகைக்கும் நடுவுல பூட்டின தனிப்பாதை, அதாவது டனல் போடற விபிஎன்) போடுங்க. யுடிபி 51820 போர்ட் ஒண்ணு மட்டும் ரூட்டருக்கே திறந்தாப் போதும். மாறற முகவரிக்கு டைனமிக் டிஎன்எஸ் பேரு (முகவரி மாறினாலும் புதுசைக் காட்டற மாறாத பேரு) வையுங்க. போன்ல அலவ்டு ஐபியா (டனல் வழியாப் போகோண்டிய முகவரி) கொட்டகையோட எஃப்டி /64 (முதல் 64 பிட் ஒண்ணா இருக்கற முகவரித் தொகுதி) போடுங்க. டனலுக்கு அதே /48ல (முதல் 48 பிட் ஒண்ணா இருக்கற பெரிய தொகுதி) இன்னொரு /64. என்விஆருக்கு கேட்வே (வெளிய போற வாசல்) ரூட்டராத்தான் இருக்கோணும், இல்லீன்னா பதில் திரும்பாது.

எஃப்டிக்கு அடுத்த 40 பிட்டை சும்மா 00:1னு கையில அடிக்காதீங்க, ரேண்டமா எடுங்க. நாளைக்கு இன்னொரு கொட்டகையை இதோட இணைக்கறப்ப ரெண்டுலயும் ஒரே எண் இருந்தா முட்டிக்கும்.

பல்லடம்_தறி:
புரிஞ்சுதுங்க. மேனுவல்ல இருந்த 2001:டிபி8::10ஐயே என்விஆருக்கு நிலையா போட்டு வச்சிருக்கறேன். அதும் 2தானுங்களே?

ஈரோடு_வலை:
அது புத்தகத்துல உதாரணம் காட்டறதுக்குன்னே 2004ல ஒதுக்கினது, வெளிய எங்கயும் வழி கிடையாது. அழிச்சுட்டு ஆட்டோல விடுங்க. அப்பவும் 2 வரலீன்னா, ஃபயர்வால்ல ஐசிஎம்பிவி6 (ஐபிவி6 கருவிங்க தங்களுக்குள்ள அனுப்பிக்கற தகவல் செய்தி) அடைச்சிருக்குதான்னு பாருங்க. ரூட்டர் எஃப்எஃப்02::1க்கு (உள்ள இருக்கற எல்லாக் கருவிக்கும்) அனுப்பற அறிவிப்பு அதுலதான் வரும்.