மறு: மறு: அருவிப் பாதைக்கு நன்கொடை

அண்ணாச்சிமாருக்கும் மதினிமாருக்கும் வணக்கம்.

அருவிப் பாதையில் படியும் வளைவும் கட்ட ஆளுக்கு 5,000 ரூபாய் கேட்டுச் செயலாளர் அண்ணாச்சி எழுதியிருந்தார்கள். நான் இன்னும் அனுப்பவில்லை. காரணம் இதுதான்.

போன ஆடியில் ஊருக்குப் போனபோது அத்தையையும் மகளையும் கூட்டிக்கொண்டு நம்ம அருவிக்கு நடந்தேன். வாய்க்காலைத் தாண்டி மாந்தோப்பு வேலியோரமாக அரை மணி நேரம். முட்டுவலியோடு அத்தையே ஏறிவிட்டார்கள். நீர்மருது நிழல் வந்ததும் வெயில் அற்றுப்போகிறது. அப்புறம் தண்ணீர்ச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போக வேண்டியதுதான். இரண்டு ஆள் உயரத்திலிருந்துதான் விழுகிறது, ஆனாலும் சாரல் முகத்தில் பட்டதும் மகள் அப்படியே நின்றுவிட்டாள். சீகாரப் பூங்குருவி இன்னும் அங்கே சீட்டியடிக்கிறது.

ஓடை நடுவே தட்டுப்பாறையில் வெளியூர்க் குடும்பம் ஒன்று கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தது. எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில். மலையுச்சி மட்டும் கறுத்துக் கிடந்தது. தெளிந்து ஓடிய தண்ணீர் திடீரெனக் கலங்கியது, சருகும் சுள்ளியுமாக வந்தது. அத்தை போட்ட சத்தத்தில்தான் அவர்கள் எழுந்தார்கள். கரையேறிக் கொஞ்ச நேரத்தில் அந்தப் பாறையே தெரியவில்லை.

பழைய குற்றாலத்தில் 2024 மே 17 அன்று திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனைக் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். மேலே பெய்கிற மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. நம்ம ஓடையில் சத்தம் போடக்கூட ஆள் கிடையாது.

நீங்கள் கேட்பதோ சிமெண்ட் படிகளுக்கும் பெயர் பொறித்த வளைவுக்கும். பாதை காப்புக்காட்டுக்குள் போகிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு சட்டி சிமெண்ட் கொட்டக் கூடாது. கொட்டினாலும் சாரலில் பாசி பிடித்தால் சொரசொரப்பான கல்லைவிட மோசமாக வழுக்கும். வனத்துறையிடம் கேட்டு இரண்டு எச்சரிக்கைப் பலகை வைப்போம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஓர் ஆள் நிற்கக் கூலி கொடுப்போம். அதற்கென்றால் இரண்டு பங்கு தருகிறேன்.

மஸ்கட்டிலிருந்து,
கீழத்தெரு

*

படியோ பலகையோ, நூலகக் கூரைக்கு வாங்கிய பணத்துக்கு ரசீது எங்கே? கொடுத்தது 62 பேர். பட்டியலில் 57 பேர்தான். விடுபட்ட ஐந்தில் நானும் ஒருவன். வரவு செலவு வராமல் சிங்கப்பூரிலிருந்து ஒரு வெள்ளி வராது.

கணக்கப்பிள்ளை வீடு

*

பக்கத்து ஊரில் வளைவு வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த வழியாகத்தான் நம்ம வீட்டு மாப்பிள்ளைமார் வருகிறார்கள். அருவிப் பாதையை வெட்டியதே எங்கள் தாத்தா. அவர் பெயரை ஒரு இடத்தில் போட இத்தனை தடையா? கீழத்தெருக் கல்யாணத்துக்கு யார் வீட்டு வண்டி வந்தது என்று தம்பி தன் அத்தையிடமே கேட்கட்டும்.

பெரியவீடு

*

அண்ணாச்சி, கேட்டேன். உங்கள் வீட்டு வண்டிதான், மழையில் இரண்டு நடை வந்ததாம். அத்தை இன்றைக்கும் நன்றியோடுதான் சொல்கிறார்கள். தாத்தா பதித்த கற்களும் அப்படியே இருக்கின்றன; அதில் கால் வைத்துத்தான் அவர்கள் ஏறினார்கள். அதைப் பெயர்த்துவிட்டுப் படி கட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். வனத்துறை சம்மதித்தால் பலகையின் அடியில் தாத்தா பெயர் இருக்கட்டும், நானே முன்மொழிகிறேன்.

சித்தப்பா, கூரைக் கணக்கு வந்த பிறகே வசூல் என்பதில் நான் உங்கள் பக்கம். செயலாளர் அண்ணாச்சி இந்த மாதத்துக்குள் அனுப்ப வேண்டும்.

வனத்துறைக்கு மனு எழுதி இணைத்திருக்கிறேன், திருத்துங்கள். பலகையில் ‘நீர்மட்டம் உயரும் அபாயம்’ என்று எழுதியிருந்தேன். அத்தை அதை அடித்துவிடச் சொல்லிவிட்டார்கள். ‘தண்ணி கலங்குனா கரையேறு’ என்று பெரிய எழுத்தில் போட்டால் போதுமாம்.