ஆட்டோகிராஸ் ஓட்டுபவர்கள் இன்சூரன்ஸுக்கு என்ன செய்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. ஆபீஸுக்குப் போகும் அதே காரில்தான் மாதம் ஒருமுறை ஆட்டோகிராஸும் (குறித்த தடத்தை யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார் என்று பார்க்கும் கார் போட்டி) ஓட்டுகிறேன். நேற்றுதான் பாலிசியின் விதிவிலக்குகளைப் பொறுமையாகப் படித்தேன். பந்தயம், வேகச் சோதனை, ரேலி எதற்கும் கிளெய்ம் கிடையாதாம்! இத்தனை நாள் ஓட்டியதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

போட்டி நடத்துபவர்கள் எடுக்கும் காப்பீடு பெரும்பாலும் மூன்றாம் நபருக்கான பொறுப்போடு சரி. நம் கார் நசுங்கினால் நம் கைக்காசுதான். ஒவ்வொரு போட்டிக்கும் தனியாகப் பாலிசி எடுத்தவர்கள் யாராவது உண்டா? கிளெய்மில் உங்கள் பங்காக எவ்வளவு கட்டச் சொன்னார்கள்?

இன்னொன்று, சஸ்பென்ஷன் மாற்றியதை நிறுவனத்திடம் இன்னும் சொல்லவில்லை (தப்புதான்). இப்போது சொன்னால் சாலை பாலிசிக்கே சிக்கல் வருமா? ஏஜென்ட்டோ "பாத்துக்கலாம் சார்" என்கிறார். அந்தப் பதில்தான் இன்னும் பயமாக இருக்கிறது.