டெக்சஸ்ல மறைச்சு வச்சுக்க சின்ன பிஸ்டல்: எது கைக்கு ஒத்து வரும்? கூடவே ஒரு ஜாம் பிரச்சினை

சேலத்துப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். ஹூஸ்டன் பக்கம் சுகர்லேண்ட்ல இருக்கோம், நானும் வீட்டுக்காரரும் சின்னதா ஒரு கேஸ் ஸ்டேஷன் கடை நடத்துறோம், ராத்திரி கடையப் பூட்டிட்டு கல்லாக் காசோட கார் வரைக்கும் நடந்து வர்றது பெரும்பாலும் நான்தான். பக்கத்து ஸ்ட்ரிப் மால்ல ஒருத்தரை கத்தியக் காட்டி மிரட்டி பறிச்சுட்டுப் போயிட்டாங்க, அதுல இருந்து மனசே சரியில்ல. எனக்கு க்ரீன் கார்டு இருக்கு, வயசு 36. இதுவரைக்கும் துப்பாக்கியத் தொட்டதே இல்ல.

சரி முதல்ல சுட்டுப் பாப்போம்னு ஒரு ரேஞ்சுக்குப் போனேன், "லேடீஸுக்கு இதுதான் ஈஸி"ன்னு பாக்கெட் சைஸ்ல ஒரு .380 (அது தோட்டாவோட அளவாம்) பிஸ்டல் வாடகைக்குக் குடுத்தாங்க. ஸ்லைடை, அதான் மேல நகர்ற இரும்பு பாகத்த, என்னால பின்னாடி இழுக்கவே முடியல. இழுத்துக் குடுத்து சுட்டா, அடிக்கடி காலித் தோட்டா வெளிய விழாம ஸ்லைடுக்கு நடுவுல செங்குத்தா மாட்டிக்கிட்டு நிக்குது. அதே துப்பாக்கிய அங்க இருந்த ஆள் வாங்கி சுட்டா சும்மா மழை மாதிரி ஓடுது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்குற சதை செவந்து எரிஞ்சுது.

இது துப்பாக்கி கோளாறா, என் கை சரியில்லையா? என் கை சின்னது, விரல் குட்டை. இதவிட சின்னதா ஏதாவது இருக்கா? வேலைக்கு ஜீன்ஸ் டீ-ஷர்ட், கோயிலுக்குப் போறப்ப சுடிதார், அதுல எங்க வைக்கறது? இல்ல ஹேண்ட்பேக்லயே போட்டுக்கலாமா? வீட்டுல 7 வயசுப் பையன் இருக்கான், கொழுந்தன் எஃப்-1 ஸ்டூடன்ட் விசாவுல படிச்சுக்கிட்டு எங்களோட தங்கியிருக்கான், அவனும் ரேஞ்சுக்கு வரேன்னு ஆசைப்படுறான். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுட்டேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டல்லாஸ்_மணி:
சிஸ்டர், சிம்பிளா ஸ்மித் அண்ட் வெசன் 642 ரிவால்வர் வாங்கிடுங்க. ஸ்லைடே கிடையாது, இழுக்கற தொல்லை இல்ல, தோட்டா மாட்டாது, பர்ஸுக்குள்ள அடங்கும். எங்க மாமியார் அதைத்தான் வச்சிருக்காங்க.

ஆஸ்டின்_அண்ணாச்சி:
மணி தம்பி, கோவிச்சுக்காதீய, இவங்களுக்கு அது சரிப்பட்டு வராது. நான் இங்க எல்டிசி, அதாவது டெக்சஸ்ல கைத்துப்பாக்கி வச்சுக்கற லைசென்ஸுக்கு க்ளாஸ் எடுக்கேன், வர்ற பெண்கள்ல பாதிப் பேர் கையில யாராவது ஒரு ஆம்பள வாங்கிக் குடுத்த 642 இருக்கும். எடை ஒரு பவுண்டுக்கும் கம்மி, .38 ஸ்பெஷல் போட்டு சுட்டா உதை நேரா உள்ளங்கையில இறங்கும். ட்ரிகர் வேற நீளமா, கனமா இருக்கும், குட்டை விரல் இருக்கறவங்க இழுக்கறதுக்குள்ள குழாய் முனை ஒரு பக்கமா சாஞ்சுரும். உள்ள இருக்கறது 5 ரவுண்டு, அதாவது 5 தோட்டா. நல்லா பழகுனவங்களுக்கு அருமையான துப்பாக்கிதான், புதுசா ஆரம்பிக்கறவங்களுக்குக் குடுக்கற சாமான் இல்ல.

தங்கச்சி, உன் துப்பாக்கி கோளாறு இல்லம்மா, கையும் கோளாறு இல்ல. அந்த மாதிரி நிக்கற காலித் தோட்டாவுக்கு ஸ்டவ்பைப்னு பேரு. செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்ல ஸ்லைடு வேகமாப் பின்னாடி போய் காலித் தோட்டாவை வெளிய தட்டி விடணும், அதுக்கு கீழ் பாகம் அசையாம நிக்கணும். மணிக்கட்டு தளர்ந்தா துப்பாக்கி மொத்தமும் சேர்ந்து பின்னாடி வந்துரும், ஸ்லைடு முழு தூரம் போகாது, தோட்டா பாதியில மாட்டிக்கிடும். ரேஞ்ச் ஆள் சுட்டப்ப ஓடுனதுக்குக் காரணம் அதான். துப்பாக்கி எவ்வளவு சின்னதோ, எவ்வளவு லேசோ, அவ்வளவுக்கு பிடி இறுக்கமா இருக்கணும். சுண்டு விரல் வைக்கவே எடம் இல்லாத பிடிய எப்படி இறுக்கிப் பிடிப்ப? அதனால "இதவிட சின்னதா" அப்படிங்கற யோசனைய முதல்ல விட்டுரு. உனக்கு வேண்டியது கொஞ்சம் பெரிசு.

ஸ்லைடு இழுக்கறது பலத்துல இல்ல, முறையில இருக்கு. துப்பாக்கிய நெஞ்சுக்குப் பக்கத்துல கொண்டு வா, முனை டார்கெட் பக்கமே இருக்கட்டும், ஆள்காட்டி விரல் ட்ரிகருக்கு வெளிய. இடது உள்ளங்கைய ஸ்லைடு மேல கவுத்தி நாலு விரலாலயும் இறுக்கிப் பிடி, தோட்டா வெளிய வர்ற ஓட்டைய மட்டும் மூடிராத. இப்ப இடது கைய அப்படியே வச்சுக்கிட்டு வலது கையால பிடிய முன்னாடி தள்ளு. கடைசி வரைக்கும் போனதும் விட்டுரு, கூடவே கையக் கொண்டு போகாத. எல்லாரும் ரெண்டு விரலால கிள்ளி இழுக்கப் பாக்காங்க, அப்படி என்னாலயே முடியாது.

சேலத்துப்பொண்ணு:
அண்ணா ரொம்ப நன்றி, நான் கிள்ளித்தான் இழுத்தேன்! அப்போ எந்த மாடல் பாக்கலாம்? கடைக்குப் போனா கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஐம்பது இருக்கு, தலை சுத்துது.

ஆஸ்டின்_அண்ணாச்சி:
9 எம்எம்ல பாரு. தோட்டா எங்கயும் கிடைக்கும், .380ஐ விட விலையும் கம்மியாத்தான் வரும், நிறைய சுட்டுப் பழகலாம்.

நாலு மாடல் பேரச் சொல்லுதேன். சிக் பி365, 2018ல வந்தது, அந்த அளவு சின்ன உடம்புல 10 ரவுண்டு வச்சு மத்த கம்பெனிக்காரன் எல்லாரையும் திரும்பிப் பாக்க வச்சது. க்ளாக் 43எக்ஸ், 2019, அதுவும் 10 ரவுண்டு, பிடி நல்ல நீளம், சுண்டு விரலுக்கும் எடம் இருக்கும். ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்டு ப்ளஸ், 2021, 10க்கும் 13க்கும் மேகசின் (தோட்டா அடுக்கி பிடிக்குள்ள சொருகுற பெட்டி) உண்டு, ட்ரிகர் எனக்கு இதுல ரொம்பப் பிடிக்கும். ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட்னு ஒண்ணு இருக்கு, 11 ரவுண்டு, ஆனா மத்த மூணை விட கொஞ்சம் துள்ளும், உனக்குச் சொல்ல மாட்டேன்.

இந்த மூணுல எது நல்லதுன்னு யாராவது சண்டை போட்டா நீ அதுல போகாத, மூணுமே நல்ல சாமான். உன் கைக்கு எதுன்னு பாக்கறது இப்படி: கடைக்காரர்ட்ட காலி பண்ணிக் காட்டச் சொல்லி நீயும் ஒரு தடவ பாத்துக்க. பிடிய வலது கையில வாங்கி, மேல் பக்கம் எவ்வளவு உசரமாப் பிடிக்க முடியுமோ அவ்வளவு உசரமாப் பிடி. குழாயும் முன்னங்கை எலும்பும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும். அப்படியே வச்சுக்கிட்டு விரலைக் கொண்டு போனா, விரல் நுனிச் சதை ட்ரிகர் நடுவுல உக்காரணும். எட்டாம கைய சுத்தி வளைச்சுக் கொண்டு போற மாதிரி இருந்தா அந்த மாடல் வேண்டாம், எவ்வளவு பேரு பெத்ததா இருந்தாலும் வேண்டாம்.

முறையாச் செஞ்சும் ஸ்லைடு வரலைன்னா, அப்ப ஷீல்டு ஈஸின்னு ஸ்மித் அண்ட் வெசன்ல ஒண்ணு இருக்கு, .380லயும் வருது 9 எம்எம்லயும் வருது, ஸ்பிரிங் இளகுனதா வச்சுச் செஞ்சது, 8 ரவுண்டு. மூட்டு வலி இருக்கறவங்களுக்கு நான் அதைத்தான் சொல்லுவேன்.

நெல்லை_அக்கா:
அண்ணாச்சி சொன்னதுல ஒண்ணு சேத்துக்கறேன், நான் பல வருஷமா தினமும் இடுப்புல வச்சிருக்கற பொம்பளைங்கறதால. துணிக்கு மேல புடைச்சுத் தெரியறது குழாய் இல்ல, பிடியோட அடிப்பக்கம். அதனால குழாய் நீளத்தப் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க, பிடி நீளம் எவ்வளவுன்னு பாருங்க. 43எக்ஸ் பிடி நீளம், பிடிக்க சுகம், ஆனா குனிஞ்சா டீ-ஷர்ட்ல தெரியும். பி365, ஷீல்டு ப்ளஸ்ல சின்ன மேகசின் போட்டா தெரியாது.

ஹோல்ஸ்டர், அதான் துப்பாக்கி உறை, கைடெக்ஸ்ங்கற கெட்டி பிளாஸ்டிக்ல இருக்கணும், ட்ரிகர் பாகத்த முழுசா மூடணும், உங்க மாடலுக்குன்னே அச்சு எடுத்ததா இருக்கணும். பத்து டாலர் துணிப் பை ஹோல்ஸ்டர் வாங்கிறாதீங்க, துணி மடங்கி ட்ரிகருக்குள்ள போகும். பெல்ட்டு கெட்டியா இருக்கணும், சாதா லேடீஸ் பெல்ட்டுல எந்தத் துப்பாக்கியும் முன்னாடி சாஞ்சு தொங்கும். சுடிதாருக்கு பெல்ட் இல்லாமலே இடுப்பச் சுத்தித் தனியாக் கட்டுற சேசிஸ் டைப் இருக்கு, அதுல கைடெக்ஸ் மாட்டிக்கலாம், டாப் லூஸா இருந்தா வெளிய சுத்தமாத் தெரியாது. டாப்பை இடது கையால முழுசா மேல தூக்கிட்டு வலது கையால எடுக்கறத வீட்டுலயே காலித் துப்பாக்கியோட பழகுங்க, தோட்டா வேற ரூம்ல இருக்கணும். திரும்ப ஹோல்ஸ்டர்ல வைக்கறப்ப அவசரமே வேண்டாம், துணி ஏதும் உள்ள மாட்டலையான்னு கண்ணால பாத்துட்டு வைங்க, அந்த நேரத்துல விபத்து நடக்கறது உண்டு.

ஹேண்ட்பேக் மட்டும் வேண்டாங்க, கை எடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன். 2014 டிசம்பர்ல ஐடஹோல ஒரு கடைக்குள்ள, ஷாப்பிங் கார்ட்ல உக்காந்திருந்த ரெண்டு வயசுக் குழந்தை அம்மா பைக்குள்ள கைய விட்டு துப்பாக்கிய எடுத்து சுட்டு, அந்தம்மா அங்கயே இறந்துட்டாங்க. அவங்க லைசென்ஸ் வச்சிருந்தவங்க, துப்பாக்கிக்குன்னு அறை வச்ச பைதான் அது. பறிக்கிறவன் முதல்ல இழுக்கறதும் பையத்தான்.

சேலத்துப்பொண்ணு:
படிக்கும்போதே வயித்தக் கலக்குது அக்கா. பேக் யோசனைய விட்டாச்சு. லைசென்ஸ் இல்லாமலே டெக்சஸ்ல வச்சுக்கலாம்னு சொல்றாங்களே, அது உண்மையா? பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு எடுத்துட்டுப் போகலாமா?

ஹூஸ்டன்_வக்கீல்தம்பி:
உண்மைதான், 2021 செப்டம்பர் 1ல இருந்து 21 வயசு ஆன, சட்டப்படி தடை இல்லாதவங்க லைசென்ஸ் இல்லாமலே வச்சுக்கலாம். ஆனா உங்களுக்கு நான் எல்டிசி எடுங்கன்னுதான் சொல்வேன். பையன ஸ்கூல்ல விடப் போறீங்க இல்ல, ஸ்கூல்ல இருந்து 1000 அடிக்குள்ள துப்பாக்கி கூடாதுன்னு ஃபெடரல் சட்டம் இருக்கு, அந்த மாநில லைசென்ஸ் வச்சிருக்கறவங்களுக்கு அதுல விலக்கு. ஸ்கூல் கட்டடத்துக்குள்ள அப்பவும் கூடாது, கார்ல பூட்டி வச்சுட்டுப் போகணும். லூசியானா, ஓக்லஹோமாவுல டெக்சஸ் லைசென்ஸ் செல்லும். கலிஃபோர்னியா, நியூ யார்க், நியூ ஜெர்சி, இல்லினாய்ஸ்ல செல்லாது, அங்க சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறப்ப மறந்தும் எடுத்துட்டுப் போயிடாதீங்க, ஜெயில் வரைக்கும் போகும். போஸ்ட் ஆபீஸுக்குள்ளயும் கூடாது.

வழிபாட்டு இடங்கள் பத்தி 2019ல சட்டம் தெளிவாச்சு, நிர்வாகம் வேண்டாம்னு சொல்லலைன்னா லைசென்ஸ்காரங்க போகலாம். வாசல்ல 30.06ன்னு நம்பர் போட்டு இங்கிலீஷ்லயும் ஸ்பானிஷ்லயும் பெரிய எழுத்துல போர்டு இருந்தாலோ, யாராவது வாயால சொன்னாலோ உள்ள கொண்டு போகக் கூடாது. லைசென்ஸ் இல்லாதவங்களுக்கு 30.05 போர்டு. பார்ல சிவப்புல 51%னு இருக்கும், அங்க யாருக்கும் கிடையாது. எந்தக் கோயிலா இருந்தாலும் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க.

கடையில துப்பாக்கி வாங்கறப்ப 4473ங்கற ஃபெடரல் ஃபாரம் நிரப்பணும், க்ரீன் கார்டுல இருக்குற ஏ-நம்பர் கேப்பாங்க, கார்ட கையில வச்சுக்கோங்க. டிரைவிங் லைசென்ஸ்ல இப்ப இருக்குற வீட்டு அட்ரஸ் இருக்கணும், நம்மாளுங்க நிறைய பேருக்கு இங்கதான் சிக்கும்.

இப்ப முக்கியமான விஷயம், உங்க கொழுந்தன். எஃப்-1, ஹெச்1பி ரெண்டுமே நான்-இமிக்ரன்ட் (தற்காலிக) விசா, அவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கறதே ஃபெடரல் குற்றம். ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுடறதும் அதுல சேரும். செல்லுபடியாகுற ஹன்ட்டிங் லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் இருக்கு, அது கையில இல்லாம அவர கூட்டிட்டுப் போய் கையில குடுத்துறாதீங்க, அவர் விசாவே போயிடும், குடுத்த உங்க க்ரீன் கார்டுக்கும் ஆபத்து. வீட்டுல துப்பாக்கி வைக்கற பூட்டுப் பெட்டியோட கோடும் அவருக்குத் தெரியக் கூடாது, சாவி அவர் கைக்கு எட்டக் கூடாது. "நம்ம வீட்டுப் பையன்தானே"ன்னு விடற விஷயம் இது இல்ல.

நெல்லை_அக்கா:
பையனுக்காகவும் அதேதான். 17 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளை கைக்கு எட்டுற மாதிரி தோட்டா போட்ட துப்பாக்கிய வச்சா டெக்சஸ்ல கேஸ் வரும். பீரோ மேல, தலைகாணிக்கு அடியில எல்லாம் வேண்டாம். பட்டன் அமுக்கித் திறக்குற சின்ன இரும்புப் பெட்டிய கட்டில் பக்கத்துல தரையோட போல்ட் அடிச்சு வைங்க. உடம்புல இல்லைன்னா பெட்டியில, மூணாவது எடம் கிடையாது.

திருச்சி_டு_டெக்சஸ்:
நானும் கடை வச்சிருக்கறவன்தான், அதனால சொல்றேன். காசு கேட்டா குடுத்துருங்க தங்கச்சி, ஒரு நாள் கலெக்ஷனுக்காக துப்பாக்கிய வெளிய எடுக்காதீங்க. வேற வழியே இல்ல, உயிர் போயிடும்னு இருக்கறப்ப மட்டும்தான் அது. தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே கதவு வழியா பணத்தோட வர்றத முதல்ல மாத்துங்க. டிராப் சேஃப் (மேல இருக்கற சந்து வழியா காசை உள்ள போடுற பெட்டகம்) போட்டு காசை உள்ள விட்டுட்டு பகல்ல பேங்குக்கு எடுத்துட்டுப் போங்க, காரை லைட்டுக்குக் கீழ கதவு ஓரமா நிறுத்துங்க, முடிஞ்சா ரெண்டு பேரா மூடுங்க.

சேலத்துப்பொண்ணு:
அப்டேட்: அண்ணாச்சி சொன்ன முறையில ஸ்லைடு வந்துருச்சு! வேற ரேஞ்சுல 43எக்ஸும் ஷீல்டு ப்ளஸும் வாடகைக்கு எடுத்து சுட்டேன். 43எக்ஸ்ல விரல் ட்ரிகர் ஓரத்துலதான் உக்காருது, ஷீல்டு ப்ளஸ்ல சரியா நடுவுல வருது, சதை எரியவும் இல்ல, ஒரு தடவ கூட மாட்டல. ஷீல்டு ப்ளஸ்தான் வாங்கப் போறேன். தம்ப் சேஃப்டி (கட்டை விரலால தள்ளுற பாதுகாப்புப் பூட்டு) இருக்கறது எடுக்கவா இல்லாதது எடுக்கவா? எல்டிசி டெஸ்ட் கஷ்டமா? டிராப் சேஃப்புக்கு வீட்டுக்காரர் ஆர்டர் போட்டுட்டார், கொழுந்தன்ட்டயும் புரியற மாதிரி சொல்லிட்டேன்.

ஆஸ்டின்_அண்ணாச்சி:
சந்தோசம்மா. சேஃப்டி ரெண்டு விதமும் சரிதான். சேஃப்டி வேணும்னா ஒவ்வொரு தடவ எடுக்கறப்பயும் கட்டை விரல் தானா அதைக் கீழ தள்ளுற அளவுக்குப் பழகணும், பழக மாட்டேன்னா இல்லாதத எடுத்து ஹோல்ஸ்டர நம்பு. உனக்கு வீட்டுல சின்னப் பையன் இருக்கான், மனசுக்கு நிம்மதின்னா இருக்கறதையே எடு, பெட்டிக்குப் பதிலா மட்டும் அத நினைக்காத.

டெஸ்ட்டு 3, 7, 15 கஜத்துல மொத்தம் 50 ரவுண்டு, 250க்கு 175 எடுத்தாப் போதும், ஒழுங்காப் பிடிச்சா வந்துரும். துப்பாக்கி வாங்குனதும் பழகறதுக்குன்னு போடுற சாதா எஃப்எம்ஜே தோட்டாவுல ஒரு 200 ரவுண்டாவது சுடு. அப்புறம் தினமும் உள்ள வைக்கப் போற ஹாலோ பாயின்ட் (முனையில குழி இருக்கற) தோட்டாவுலயும் ரெண்டு பெட்டி சுட்டுப் பாரு, விலை கூடன்னு மிச்சம் பிடிக்காத, சில துப்பாக்கி சில தோட்டாவ உள்ள ஏத்தறதுக்கு அடம் பிடிக்கும். ரெண்டுலயும் ஒண்ணு கூட மாட்டலைன்னா இடுப்புல வைக்க ஆரம்பி. அது வரைக்கும் பெட்டியிலயே இருக்கட்டும்.