வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள்: சப்1 நெல்லில் கண்டவை

ஓடைக்கரை:
சம்பா. வரப்புக்கு இந்தப் பக்கம் சிஆர் 1009 சப்1 (வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்க வைக்கும் சப்1 மரபணுப் பகுதி சேர்த்தது), அந்தப் பக்கம் பழைய பொன்மணி (சப்1 சேர்க்காத அதே சிஆர் 1009). நட்டு மூன்று வாரம் ஆனதும் இரண்டும் ஒன்பது நாள் நுனிகூடத் தெரியாமல் மூழ்கின. இன்னும் உறுத்துவது வடிந்த அன்று காலை தெரிந்த காட்சி. பழைய பொன்மணிதான் தேறியது போல நின்றது: கூடுதல் உயரம், வெளிர்பச்சை. சப்1 குட்டையாகச் சேறு அப்பிக் கிடந்தது. "காசு போட்டு வாங்கின விதை இதுதானா" என்று வரப்பிலேயே பேச்சு. மூன்றாம் நாள் வெயிலில் உயரமான பயிர் இடுப்பொடிந்து படுத்து வைக்கோலாகிவிட்டது. சப்1-இலும் பழைய இலை எல்லாம் கருகியது, ஆனால் நடுக்குருத்து காயவில்லை. பத்தாம் நாள் அதிலிருந்து புது இலை. காலடியில் ஈரம் இருக்கும்போதே இலை வெயிலில் சுருண்டதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

சேற்றுக்கால்:
அதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. மூழ்கியிருந்த வேர் நீரை உறிஞ்சி ஏற்றும் திறனை இழந்திருக்கிறது. நீர் வடிந்ததும் இலை சட்டென்று காற்றிலும் வெயிலிலும் மாட்டுகிறது. ஈர மண்ணில் நின்றபடியே அதற்கு வறட்சி. கூடவே திடீர் ஆக்சிஜன் உள்ளே வந்து செல்சவ்வுகளை அரிக்கிறது. சப்1-இன் முக்கிய மரபணுவான சப்1ஏ இந்த இரண்டையும் ஓரளவு மட்டுப்படுத்துகிறது என்று 2011-இல் ஃபுகாவோ, பெய்லி-செர்ரஸ் ஆய்வுக் குழு காட்டியது. வடிந்த பிறகு வரும் வறட்சிக்கும் அதே மரபணு உதவுகிறது.

உயர வித்தியாசத்துக்குக் காரணம் பயிரே உண்டாக்கும் எத்திலீன் வாயு. நீருக்குள் அந்த வாயு வெளியேற முடியாமல் பயிருக்குள்ளேயே தேங்குகிறது. சாதாரண ரகத்தில் அது ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டி, தண்டையும் இலையையும் நீட்டி, இருக்கிற மாவுச்சத்தை எல்லாம் கரைத்துவிடும். சப்1ஏ உள்ள ரகத்தில் எஸ்எல்ஆர்1 போன்ற தடுப்புப் புரதங்கள் கூடி நீட்சியை நிறுத்துகின்றன. குட்டையாக இருந்ததுதான் அது வேலை செய்த அடையாளம்.

சந்தேகமா, வடிந்த அன்றே சோதிக்கலாம். தண்டின் அடியில் 2 செ.மீ. வெட்டி, 80% எத்தனாலைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கி (நேரடித் தீ வேண்டாம்) அதில் போட்டுப் பச்சையத்தை நீக்குங்கள். கழுவி, அயோடின்-பொட்டாசியம் அயோடைடு ஒரு சொட்டு. கருநீலம் என்றால் மாவு மிச்சம் இருக்கிறது. மஞ்சள் பழுப்பாகவே நின்றால் அந்தக் குத்து பிழைப்பது கடினம்.

தொட்டிக்காரர்:
ஒன்பது நாள் என்பதால் தப்பியது. சாக்கில் "14 நாள் தாங்கும்" என்று இருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். தெளிந்த தொட்டி நீரும் களிமண் கரைந்த ஆற்று வெள்ளமும் ஒன்றல்ல. சோதனைத் தொட்டியில் நடந்த ஒன்று: 21 நாள் நாற்று, நுனிக்கு மேல் நீர், 14 நாள். திறந்தால் மூழ்கலைத் தாங்கும் எஃப்ஆர்13ஏ ரகம் பச்சை, கூடவே சாக வேண்டிய ஐஆர்42 ரகமும் பச்சை! நீரில் பாசி படிந்து, நண்பகலில் கரைந்த ஆக்சிஜன் ஏறியிருக்கிறது. மதியம் மட்டும் மீட்டர் வைத்ததால் விடியற்கால அளவு யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சோதனையில் ஒரு ரகத்தையும் தேர்ந்தெடுக்க முடியாது.

சோதனைத் தொட்டியில் நாள் கணக்கை வைத்து நீரை வடிக்கக் கூடாது. ஐஆர்42-இன் அடித்தண்டை விரலால் நசுக்கிப் பாருங்கள். பெரும்பாலானவை கொழகொழத்து நாறினால்தான் வடிக்க வேண்டும். ஆக்சிஜனை விடியலிலும் பிற்பகல் 2 மணிக்கும் அளக்க வேண்டும், நீரின் வெப்பமும் சேர்த்து. கலங்கலுக்குக் கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டு போதும், எந்த ஆழத்தில் மறைகிறது என்று குறித்துக்கொள்ளலாம். பிழைத்தவற்றை எண்ணுவது வடித்த அன்று அல்ல, 21 நாள் கழித்து.

பட்டைஎண்:
"சப்1 விதைதான்" என்று ஆய்வகச் சீட்டோடு வந்த ஒரு தொகுப்பு வெள்ளத்தில் முழுசாகப் போனது. சீட்டில் சப்1ஏ-க்குப் பட்டை (டிஎன்ஏ சோதனையில் மரபணு இருப்பதைக் காட்டும் கோடு) தெளிவாக விழுந்திருந்தது. பொய் இல்லை, ஆனால் கேள்வியே தப்பு. தாங்கும் வடிவம் சப்1ஏ-1. தாங்காத பல இண்டிகா ரகங்களிலும் சப்1ஏ-2 இருக்கிறது. இரண்டுக்கும் முக்கிய வேறுபாடு 186ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம்: முன்னதில் செரின், பின்னதில் புரோலின். மரபணு "இருக்கிறதா" என்று மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே பட்டைதான். ஏஆர்டி5 போன்ற டிஎன்ஏ மார்க்கரில் தாய்தந்தை ரகங்களையும் ஜெல்லின் பக்கத்துக் குழிகளில் ஓட்டி, பட்டையின் அளவை ஒப்பிட்டால் மட்டுமே சொல்லலாம்.

தாளடி67:
நேரடி விதைப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. புழுதியில் விதைத்த மூன்றாம் நாள் மழை, வயல் குளம். சப்1 என்று நம்பி நீரை அப்படியே விட்டார்கள். முளையே வரவில்லை, தோண்டினால் புளித்த வாடை. சப்1 வேலை செய்வது இலை விட்ட பயிரில். நீருக்கடியில் முளைப்பது தனிக் குணம். மியான்மரின் காவ் ஹ்லான் ஆன் ரகத்தில் ஓஎஸ்டிபிபி7 என்ற மரபணு அதைத் தருகிறது, 2015-இல் அடையாளம் கண்டார்கள். இரண்டையும் சேர்த்த விதை கையில் இல்லாதவரை, விதைத்த வயலில் வாய்க்கால் கீறாமல் விடக்கூடாது.

மடைத்தலைவாசல்:
எல்லாரும் மரபணுவிலேயே நிற்கிறீர்கள். @ஓடைக்கரை வயலில் அந்தக் குருத்து பிழைத்த பிறகு என்ன செய்தார்கள்? பெரும்பாலும் இங்கேதான் கெடுக்கிறார்கள். நீர் வடிந்த மறுநாளே மூட்டை யூரியாவைத் தூக்கி வீசுவார்கள். வேர் வேலை செய்யாது, உரம் ஓடிவிடும், மிஞ்சியதை உறிஞ்சிய இளந்தளிர் நோய்க்கு வழி. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

முதலில் இலையில் ஒட்டிய சேறு போக வேண்டும். மழை கழுவாவிட்டால் கைத்தெளிப்பானில் வெறும் நீர் அடியுங்கள். நீரை ஒரேயடியாகக் கட்டாந்தரை தெரிய வடிக்காமல், விரற்கடை நீர் நிற்கட்டும்; வெயில் கடுமையாக இருந்தால் இது அவசியம். புது இலை ஒன்று விரிந்ததும், ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட், 200 லிட்டர் நீரில் கரைத்து மாலையில் இலைவழித் தெளிப்பு. மேலுரம் அதற்குப் பிறகுதான்: 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். குத்து போன இடத்துக்கு வேறு நாற்று தேடாதீர்கள். அதே வயலில் தூர் கட்டிய குத்துகளைக் கிழித்து நடுங்கள், வயது ஒத்துப்போகும். பாதிக்கு மேல் குத்து போயிருந்தால்தான் உழுவதைப் பற்றி யோசிக்கலாம், அதுவும் பத்து நாள் பொறுத்து.

வெள்ளத்துக்கு முந்தைய வாரம் தழைச்சத்தைக் குவித்திருந்தால் எந்த ரகமும் நொடிந்துவிடும். வானிலை அறிக்கை சிவப்பு என்றால் மூட்டையை அவிழ்க்கவே வேண்டாம்.

தொட்டிக்காரர்:
@மடைத்தலைவாசல், ஒன்று விட்டுப்போனது. நெல் இலையின் மெழுகுப்பூச்சு நீருக்கடியில் மெல்லிய காற்றுப் படலத்தைப் பிடித்துவைக்கும். மூழ்கிய இலை வெள்ளியாக மின்னுவது அதனால்தான். சுவாசத்துக்கும் ஒளிச்சேர்க்கைக்கும் அது உதவும். ஆய்வில் அந்தப் படலத்தை நீக்க வேண்டும் என்றால் சோப்புத் தன்மையுள்ள கரைசலைத்தான் இலையில் தடவுகிறார்கள். எனவே மழைக்கு முந்தைய நாள் ஒட்டும்பசை கலந்த மருந்து தெளிப்பது வினையை விலைக்கு வாங்குவது என்றே தோன்றுகிறது.

சேற்றுக்கால்:
எல்லா வெள்ளமும் முழுக்கு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் அளவு நீர் ஒரு மாதம் நின்றால் சப்1 உதவாது. அங்கே உயரம் வேண்டும், இது நீள மறுக்கும் ரகம். கடைமடைத் தாழ்வு வயலுக்கு இதைப் பரிந்துரைப்பவர்களிடம் முதலில் நீரின் ஆழத்தையும் நாளையும் கேட்க வேண்டும்.

பட்டைஎண்:
ஸ்வர்ணா-சப்1 (இந்தியாவில் 2009) விதைக்கும் ஒரு குறிப்பு. ஸ்வர்ணாவின் உமி பொன்பழுப்பு, அதன் சப்1 வடிவத்தில் வைக்கோல் நிறம். 9ஆம் குரோமோசோமில் உமி நிறத்தை அடக்கும் மரபணு சப்1-க்கு ஒட்டியே இருப்பதால் கூடவே வந்துவிட்டது. இந்த ரகத்தில் மட்டும், மூட்டையில் பொன்பழுப்பு நெல் கலந்திருந்தால் கலப்படம் என்று கண்ணாலேயே சந்தேகிக்கலாம். சிஆர் 1009 சப்1-க்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.