மத்திய வியட்நாம்: பழைய நகரங்களும் கடற்கரையும் ஒரே பயணத்தில் அமையுமா?

வழிப்போக்கன்:
வணக்கம். எழுபதை நெருங்கும் என் பெற்றோருடன் ஒன்பது நாள் பயணமாக வியட்நாம் செல்ல எண்ணியுள்ளேன். அப்பாவுக்குக் கோயில்களும் கல்வெட்டுகளும் என்றால் உயிர். அம்மாவோ கடலைப் பார்த்தபடி இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்கிறார். ஹுவே, ஹோய் ஆன், மி சோன் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுக் கடைசி மூன்று நாள்களைத் தா நாங் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் கழிக்கலாம் என்று திட்டமிட்டிருக்கிறேன். அக்டோபர் கடைசியில்தான் எனக்கு விடுப்பு தோதாக இருக்கிறது. விடுதிக் கட்டணமும் அப்போது வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாகக் காட்டுகிறது. அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு, இருவரும் சைவம். இதில் எங்கே பிழை இருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஆற்றங்கரை:
கட்டணம் ஏன் குறைந்திருக்கிறது என்று யோசித்தாலே பிழை தெரிந்துவிடும். மத்திய வியட்நாமின் கரையோரத்தில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். அதிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பருவமழையும் புயலும் சேர்ந்துகொண்டு துபோன் ஆறு பெருக்கெடுத்தால், ஹோய் ஆனின் பழைய தெருக்களில் படகுதான் ஓடும். அங்கே தான் கீ என்ற பழைய வணிகர் வீட்டுக்குள் நுழைந்தால், எந்தெந்த ஆண்டில் வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்று சுவரில் குறித்து வைத்திருப்பதைக் காணலாம். தண்ணீர் உள்ளே வரும்போது சரக்கையும் மரச்சாமான்களையும் மாடிக்கு ஏற்றுவதற்கென்றே மேல்தளத்தில் ஒரு திறப்பும் விட்டிருக்கிறார்கள். வெள்ளத்தை விருந்தாளியைப் போல எதிர்பார்த்துக் கட்டிய வீடு அது.

அந்த மாதங்களில் தா நாங் கடலும் கொந்தளிப்பாகவே இருக்கும். ரிசார்ட்டின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்துதான் அம்மா கடலைப் பார்க்க வேண்டியிருக்கும். தேதியை மாற்றவே முடியாதென்றால் தெற்கே செல்லுங்கள் என்று சொல்லலாம். ஆனால் ஃபூ குவோக் தீவிலும் மழை ஓய்ந்து வெயில் நிலைப்பது நவம்பரில்தான். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை மத்தியக் கரையும் தெற்கும் ஒருசேர உலர்ந்திருக்கும். ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வரும் தெத் புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கடைகள் அடைத்திருக்கும், ரயிலில் இடம் கிடைக்காது.

செங்கல்:
பருவத்தைப் பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். உங்கள் அப்பாவுக்காக மி சோனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அந்தப் பகுதியை முன்பு ஆண்ட சாம்பா என்ற அரசின் மன்னர்கள் 4ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை எழுப்பிய சிவன் கோயில்களின் தொகுதி அது. முதலில் கோயில் எடுத்த பத்ரவர்மன் தன் பெயரையும் சேர்த்துப் பத்ரேசுவரர் என்று இறைவனுக்குப் பெயரிட்டான். கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் அவர்களுடைய சாம் மொழியிலும் உள்ளன. செங்கற்களுக்கு இடையே சாந்து இருக்கும் சுவடே தெரியாது. விரல் நகத்தைக்கூட நுழைக்க முடியாத அந்த இணைப்பைத் தடவிப் பார்த்தபடி நான் வெகுநேரம் நின்றிருந்தேன். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் முதன்மைக் கோபுரம் தகர்ந்தது. குண்டு விழுந்த பள்ளங்கள் புல் மூடி இன்றும் கிடக்கின்றன. 2020இல் இந்தியத் தொல்லியல் துறையினர் சீரமைப்புப் பணியின்போது 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒற்றைக்கல் லிங்கம் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். நுழைவாயிலிலிருந்து மின்வண்டி உண்டு, அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். வெயில் ஏறும் முன் போய்விடுவது நல்லது. தா நாங்கில் உள்ள சாம் சிற்ப அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டால், மி சோனில் வெறுமையாக நிற்கும் பீடங்களுக்கு உரியவை எவை என்பது மனத்தில் நிற்கும்.

ஹுவேயை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1802 முதல் 1945 வரை தலைநகராக இருந்த ஊர் அது. கோட்டைக்கு ஒரு நாள், கல்லறைகளுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். காய் தின் மன்னரின் கல்லறைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும் என்பதால் அம்மாவுக்கு அது வேண்டாம்; குளமும் மரநிழலுமாக விரிந்து கிடக்கும் து தக் மன்னரின் கல்லறை வளாகம் அவருக்குப் பிடிக்கும்.

மூன்று எழுத்து:
உணவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. உணவகப் பலகையில் ‘சாய்’ என்ற சொல்லைத் தேடுங்கள். தேநீரல்ல, சைவ உணவு என்று பொருள். வெறுமனே இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் சாறு ஊற்றிய காய்கறி வந்து சேரும். பௌர்ணமியன்றும் சாந்திர மாதத்தின் முதல் நாளிலும் உள்ளூர் மக்களில் பலரே சைவம் உண்பதால் அந்நாள்களில் தேடி அலைய வேண்டியதில்லை.

வியட்நாம் பணத்தில் 20,000 டோங் தாளும் 5,00,000 டோங் தாளும் இரண்டுமே நீலம். இருட்டில் டாக்சிக்காரரிடம் நீட்டும் முன் பூஜ்யங்களை எண்ணிவிடுங்கள்.

இ-விசா 90 நாள் வரை தருகிறார்கள். கடவுச்சீட்டில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் நிரப்ப வேண்டும்; தந்தை பெயரை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று நம்மவர்களுக்கு எப்போதும் வரும் குழப்பத்தில் நான் ஒருமுறை தவறிழைத்து, மறுபடி விண்ணப்பித்து மறுபடி பணம் கட்டினேன். முதலில் கட்டியது திரும்பவில்லை.

வழிப்போக்கன்:
அனைவருக்கும் நன்றி. பயணத்தை மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டேன். ஹுவேக்கு இரண்டு நாள் ஒதுக்கியாயிற்று. ஹுவேயிலிருந்து தா நாங்குக்குக் காரில் செல்வதா, ரயிலிலா?

ஆற்றங்கரை:
ரயில்தான். ஏறத்தாழ நூறு கிலோமீட்டரைக் கடக்க மூன்று மணி நேரம் பிடிக்கும், காரில் சுரங்கப்பாதை வழியே போனால் அதைவிட விரைவில் போய்விடலாம். ஆனால் ஹாய் வான் மலையை ஒட்டிக் கடலுக்கு மேலே ரயில் வளைந்து வளைந்து இறங்குவதை இழந்துவிடுவீர்கள். தெற்கு நோக்கிப் போகும்போது கடல் இடப்பக்கம் வரும். அம்மாவுக்கு அந்தப் பக்கத்து ஜன்னலோர இருக்கையை வாங்குங்கள்.